கையெழுத்து போட மாட்டேன் என குடியரசுத் தலைவர் சொல்ல முடியுமா? நேருவிடம் வாதாடிய ராஜேந்திர பிரசாத் கடைசியில் என்ன செய்தார்?

1951 செப்டம்பர் 15. குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்திடம் இருந்து பிரதமர் நேருவுக்கு ஒரு கடிதம் போகிறது. விஷயம், இந்து சட்டத் தொகுப்பு மசோதா. அது நாடாளுமன்றத்தில் நிறைவேறி தன் மேஜைக்கு வந்தால், அமைச்சரவை சொல்கிறது என்பதற்காக மட்டும் கையெழுத்து போட முடியாது, நல்லது கெட்டதைப் பார்த்து தானே முடிவெடுக்கப் போவதாக அதில் அவர் தெரிவித்திருந்தார்.

குடியரசு பிறந்து 20 மாதம்கூட முடியவில்லை. முதல் பொதுத்தேர்தலே இன்னும் நடக்கவில்லை. அதற்குள் நாட்டின் முதல் குடிமகனும் பிரதமரும் நேருக்கு நேர்!

சரி, அவரால் அப்படி மறுக்க முடியுமா? இன்றைக்கு இதைக் கேட்டால் சட்டக் கல்லூரி மாணவர்கூட முடியாது என்பார். அன்றைக்கு பதில் அவ்வளவு சுலபமில்லை.

அவருக்கே தெரிந்த ஓட்டை

பீகார் மாநிலம் ஜீராதேயில் 1884 டிசம்பர் 3 அன்று பிறந்தவர் பிரசாத். கல்கத்தா பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் முதலிடம், பிறகு வக்கீல் தொழில், நல்ல வருமானம். 1917-ல் சம்பாரண் விவசாயிகளுக்காக வந்த காந்தியுடன் சேர்ந்தார். ஒத்துழையாமை இயக்கத்தில் தொழிலையே விட்டார்.

இந்தக் கதைக்கு முக்கியம் 1946 டிசம்பர். அரசியல் நிர்ணய சபைக்கு அவர்தான் தலைவர். கிட்டத்தட்ட மூன்று வருஷம், அவர் தலைவராக இருந்த சபையில்தான் பிரிவுகள் விவாதிக்கப்பட்டன. 74-வது பிரிவு, குடியரசுத் தலைவருக்கு ஆலோசனை சொல்ல பிரதமர் தலைமையில் ஓர் அமைச்சரவை இருக்கும் என்றது. அந்த ஆலோசனையை அவர் ஏற்றே ஆக வேண்டுமா? அதை வெளிப்படையாகச் சொல்லும் ஒரு வரி கிடையாது.

பிரிட்டனில் மன்னர் அமைச்சரவை சொல்வதைத்தான் கேட்பார், அந்த மரபே இங்கும் வரும் என்று சபை நம்பியது. 1949 நவம்பர் 26 அன்று, அரசமைப்பு ஏற்கப்பட்ட நாளிலேயே, பிரசாத் தன் உரையில் இந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டினார். மரபு அதை நிரப்பும் என்ற நம்பிக்கையையும் அப்போது சொன்னவர் அவர்தான். இரண்டு மாதத்தில் அதே நாற்காலியில் அவரே உட்கார்ந்தார்.

முதல் சோதனை சொந்த ஊரில் இருந்தே வந்தது. பீகார் அரசின் ஜமீன் ஒழிப்பு மசோதா. பிரசாத்தின் குடும்பமும் சிறு நில உடைமை கொண்டதுதான். இழப்பீடு பற்றி அவருக்கு நிறைய ஆட்சேபம் இருந்தது, எழுதியும் அனுப்பினார். அமைச்சரவை அசையவில்லை. 1950 செப்டம்பரில் ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

சென்னை வக்கீலிடம் போன கேள்வி

இந்து சட்டத் தொகுப்பு அதைவிடப் பெரிய விவகாரம். பெண்களுக்குச் சொத்தில் பங்கு, விவாகரத்து உரிமை, ஒருவனுக்கு ஒரு மனைவி என்று சட்ட அமைச்சர் அம்பேத்கர் பிடிவாதமாக நடத்திய மசோதா. பிரசாத்தோ மரபில் ஊறியவர். ஆனால் அவர் வைத்த வாதத்தில் ஒரு நியாயமும் இருந்தது. மக்கள் ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுக்காத தற்காலிக நாடாளுமன்றம், கோடிக்கணக்கான வீடுகளின் திருமண, சொத்து வழக்கத்தை எப்படி மாற்றலாம் என்பது அவர் கேள்வி.

நேரு கடிதத்துக்குப் பதில் எழுதியதோடு நிற்கவில்லை. குடியரசுத் தலைவருக்கு உண்மையில் அந்த அதிகாரம் இருக்கிறதா என்று இரண்டு பேரிடம் கருத்து கேட்டார். ஒருவர் அட்டர்னி ஜெனரல் எம்.சி.செதல்வாட். இன்னொருவர் சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், அரசமைப்பு வரைவுக் குழுவில் இருந்தவர். இருவர் பதிலும் ஒன்றுதான்: அமைச்சரவை ஆலோசனைக்குக் குடியரசுத் தலைவர் கட்டுப்பட்டவர்.

பிரசாத் அதற்கு மேல் இழுக்கவில்லை. காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு பலமாக இருந்ததால் மசோதா அந்த மாதமே கிடப்பில் போனது. வெறுத்துப்போன அம்பேத்கர் ராஜினாமா செய்தார். பெண்களின் உரிமை சில வருஷம் தள்ளிப்போனது. அந்தத் தாமதத்தில் பிரசாத்துக்கும் பங்கு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை.

தேர்தல் முடிந்தது. மசோதா நான்கு துண்டாகப் பிரிக்கப்பட்டு மறுபடி வந்தது. 1955-ல் இந்து திருமணச் சட்டம், 1956-ல் வாரிசுரிமைச் சட்டம் உள்பட மற்ற மூன்றும். இந்த முறை நிறைவேற்றியது மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம். நான்கிலும் கையெழுத்து ராஜேந்திர பிரசாத்.

விடாமல் கேட்டார்

1957-ல் ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவராக வரட்டும் என்பது நேருவின் விருப்பம். கட்சியோ பிரசாத்தை விடவில்லை. இரண்டு முறை தேர்தலில் ஜெயித்து, 12 வருஷத்துக்கும் மேல் பதவியில் இருந்தவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

பழைய சந்தேகமும் அவரை விடவில்லை. 1960 நவம்பரில் டெல்லியில் இந்திய சட்ட நிறுவன விழாவில், பிரிட்டன் மன்னரும் இந்தியக் குடியரசுத் தலைவரும் ஒன்றா என்று ஆய்வு செய்யுங்கள் என வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார். மன்னர் பரம்பரையாக வருபவர், குடியரசுத் தலைவர் தேர்ந்தெடுக்கப்படுபவர். தப்பு செய்தால் பதவி நீக்கமும் உண்டு. அப்படியிருக்க இருவரும் எப்படி ஒன்றாவார்கள்? நேருவுக்கு இது ரசிக்கவில்லை. பெரிய பரபரப்பு கிளம்பி அப்படியே அடங்கியது.

கவனிக்க வேண்டியது இதைத்தான். அதிகாரம் இருக்கிறது என்று அவர் வாதாடினார், ஆனால் எடுத்துப் பயன்படுத்திப் பார்க்கவில்லை. முப்படைகளின் தலைமைத் தளபதி என்ற பட்டம் அவரிடம்தான் இருந்தது. அண்டை நாடான பாகிஸ்தானில் 1958-ல் அதிபர் இஸ்கந்தர் மிர்ஸா அரசமைப்பையே ரத்து செய்து ராணுவ ஆட்சி கொண்டுவந்தார். டெல்லியில் அதே காலத்தில் சண்டை என்றால் கடிதம்தான்.

1962 மே மாதம் பதவி முடிந்ததும் பாட்னாவின் சதாகத் ஆசிரமத்துக்குத் திரும்பினார். 1963 பிப்ரவரி 28 அன்று அங்கேயே காலமானார்.

அவர் கேட்ட கேள்விக்கு 1974-ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு பதில் சொன்னது: ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும். 1976-ல் 42-வது திருத்தம் அதைச் சட்டத்திலேயே எழுதியது. அதுவும் நெருக்கடி நிலையின் நடுவில். முந்தைய வருஷம் அந்த நெருக்கடி நிலைப் பிரகடனத்தில், அமைச்சரவை கூடுவதற்கு முன்பே குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது இரவோடு இரவாகக் கையெழுத்து போட்டிருந்தார். கட்டுப்படுவது வேறு, கேள்வியே கேட்காமல் இருப்பது வேறு என்று நாடு அப்போது பார்த்தது.

1978-ல் 44-வது திருத்தம் ஒரு வரியைச் சேர்த்தது. ஆலோசனையை மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்பலாம். மறுபடி வந்தால் அதன்படி நடக்க வேண்டும். ஆட்சேபத்தை எழுதி அனுப்புவது, பிறகு கையெழுத்து போடுவது. ஜமீன் மசோதாவில் பிரசாத் செய்ததும் ஏறக்குறைய இதுதான், 28 வருஷம் முன்பு.