மகளின் பெயர்

மெர்ஸிடிஸ் என்றதும் மோட்டார் வண்டிதான் நம் நினைவுக்கு வரும். அது ஒரு சிறுமியின் பெயர் என்பதை அறிந்தோர் சிலரே. அவளுடைய தந்தை எமில் யெல்லினெக், 1853-ல் ஜெர்மனியில் லைப்ஸிக் நகரில் பிறந்தவர். பிரெஞ்சு நாட்டின் தென்கரையிலுள்ள நீஸ் நகரில் குடியேறி, குளிர்காலத்தைக் கழிக்க அங்கு வந்த செல்வர்களுக்கு ஜெர்மனியில் செய்த டைம்லர் கார்களை விற்றார்.

1900 மார்ச்சில் நீஸ் அருகே நடந்த மலைப் பந்தயத்தில் டைம்லர் வண்டி விபத்துக்குள்ளாகி, ஓட்டியவர் மாண்டார். இனிப் பந்தயமே வேண்டாம் என எண்ணியது கம்பெனி. குறை பந்தயத்தில் இல்லை, வண்டியின் அமைப்பில்தான் என்று வாதாடினார் யெல்லினெக். நீளமும் அகலமும் கூடி, உயரம் குறைந்த வண்டியொன்று கேட்டார். 36 வண்டிகளுக்கு ஆர்டரும் கொடுத்தார். தம் மகளின் பெயரையே அதற்கு இடவேண்டும் என்பது நிபந்தனை.

வில்ஹெல்ம் மைபாக் வகுத்த அந்த 35 குதிரைச் சக்தி வண்டி, 1901 மார்ச்சில் நீஸ் பந்தயங்களில் வெற்றி வாகை சூடியது. 1902-ல் அப்பெயர் வியாபாரச் சின்னமாகப் பதிவாயிற்று.

1914-ல் போர் மூண்டது. வாழ்ந்த நாடே அவரை ஐயுற்றுச் சொத்துக்களைப் பறித்தது. 1918-ல் ஜெனீவாவில் மறைந்தார்.

யெல்லினெக் எஞ்சினீயர் அல்லர். ஆனால் வாங்குவோரின் தேவையைச் செய்வோரின் செவியில் ஏற்றியவர். எஞ்சினீயரிங் பயிலும் நம் நண்பர்கள் இதை மனத்திற்கொள்வது நன்று.