சிலை மேல் சிவப்பு பெயிண்ட்! ராப்பகல் காவல்! குண்டுவீச்சு தளபதி ஹாரிஸ் கதை

லண்டன் ஸ்டிராண்டு சாலையில் செயின்ட் கிளமென்ட் டேன்ஸ் சர்ச் எதிரே ஆளுயரத்தை மிஞ்சிய வெண்கலச் சிலை ஒன்று நிற்கிறது. 1992-ம் ஆண்டு மே 31-ந் தேதி ராஜமாதா எலிசபெத் அதைத் திறந்து வைத்தார். விழாவிலேயே ஒரே கூச்சல். கொலைகாரனுக்கா சிலை என்று ஒரு கும்பல் கத்தியது.

திறந்த சூட்டோடு சூடாக சிவப்பு பெயிண்டை ஊற்றிவிட்டார்கள். கழுவி வைத்தும் விடவில்லை. மாதக்கணக்கில் ராப்பகலாக காவல் போட வேண்டியதாயிற்று.

சிலையாக நிற்பவர் ஆர்தர் ஹாரிஸ். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானப்படைத் தளபதி.

பியூகிள் ஊதினார்

1892-ல் பிறந்தவர். அப்பாவுக்கு இந்தியாவில் உத்தியோகம். 17 வயதில் ஹாரிஸ் ரொடீசியாவுக்கு கப்பல் ஏறினார். 1914-ல் சண்டை மூண்டதும் பியூகிள் ஊதுபவராக பட்டாளத்தில் சேர்ந்தார். ஆப்பிரிக்க பாலைவனத்தில் நடந்தே கால் ஓய்ந்தது. இனிமேல் உட்கார்ந்துதான் சண்டை என்று விமானப்படைக்குத் தாவினார்!

ஊரே எரிந்தது

1942 பிப்ரவரியில் தளபதி ஆனார். மே 30-ந் தேதி இரவு ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்களை ஜெர்மனியின் கொலோன் நகருக்கு அனுப்பினார். மறுவருஷம் ஹாம்பர்க்கில் 30 ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். 1945-ல் டிரெஸ்டனில் சுமார் 25 ஆயிரம் பேர். பெண்டு பிள்ளைகளும் தப்பவில்லை. ஊர்களைக் குறிவைக்கும் திட்டம் ஹாரிஸ் வருமுன்பே மேலிடம் போட்டது. ஆனால் அதை விடாப்பிடியாக நடத்தியவர் இவர்தான்.

ஒருநாள் காரை கண்மண் தெரியாமல் ஓட்டி போலீஸ்காரரிடம் மாட்டினாராம். இப்படிப் போனால் யாரையாவது கொன்றுவிடுவீர்கள் என்றதற்கு, தினம் ராத்திரி ஆயிரக்கணக்கில் கொல்கிறேனே என்றாராம். அவரைப் பற்றி சொல்லப்படும் கதை இது.

அவர் அனுப்பிய பையன்களும் திரும்பவில்லை. 55,573 பேர் பலி. பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயசு.

கைகழுவினார்கள்

ஜெயித்ததும் சர்ச்சிலே ஒதுங்கிக்கொண்டார். வெற்றிப் பேச்சில் குண்டுவீச்சுப் படையைப் பெரிதாகச் சொல்லவில்லை. படைக்கு தனி மெடலும் கிடையாது. மனம் கசந்த ஹாரிஸ் தென்ஆப்பிரிக்காவுக்குப் போனார். பிறகு இங்கிலாந்து திரும்பி, 1984-ல் 91 வயதில் செத்தார்.

எட்டு வருஷம் கழித்து வந்தது சிலை. பழைய வீரர்கள் முன்நின்று வைத்தது. கொலோன் மேயர் வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தார். பலிக்கவில்லை. திறந்ததோ, கொலோன் எரிந்து சரியாக 50 வருஷம் ஆன நாளில்! பீடத்தில் ஹாரிசோடு, செத்துப்போன அந்த 55 ஆயிரம் பையன்களையும் சொல்லி எழுதியிருக்கிறது.