ஹாஜி முஹ்சின்: கட்டணத்தில் இரு பங்கைச் செலுத்திய வக்ஃபு

ப்ளஸ் டூ முடிவு வந்துவிட்டால் பாரூர், போச்சம்பள்ளி, ஓசூர் என்று நம் பகுதி வீடுகளில் கல்லூரிக் கட்டணத்தைப் பற்றியே பேச்சு. வங்காளத்து ஹாஜி முஹம்மது முஹ்சின் அவர்களின் வரலாற்றை நாம் இப்போது எழுதுவது அதனால்தான்.

1732-ல் ஹூக்ளியில் பிறந்தவர். ஹஜ்ஜை நிறைவேற்றி, ஈரான், இராக் என்று பல ஆண்டுகள் பயணித்தார். மணம் முடிக்கவில்லை. ஒரு தாய் வயிற்றுச் சகோதரி மன்னுஜான் பிள்ளையில்லாமல் 1803-ல் வஃபாத்தானபோது, அவருடைய பெரிய ஜமீன் இவர் கைக்கு வந்தது. மூன்றே ஆண்டுகளில் அதை அப்படியே வக்ஃபு செய்துவிட்டார். வருமானம் ஒன்பது பங்கு: மார்க்கக் காரியங்களுக்கு மூன்று, சம்பளம், உதவித்தொகை, தர்மத்துக்கு நான்கு, முதவல்லிகளுக்கு இரண்டு. 1812-ல் மறைந்தார்.

முதவல்லிகள் அமானிதத்தைப் பேணவில்லை (வக்ஃபுகளுக்கு இது பழைய நோய்). அரசு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. சேர்ந்திருந்த பணத்தில் 1836-ல் ஹூக்ளி கல்லூரி தொடங்கியது. பங்கிம் சந்திரரும் செய்யது அமீர் அலியும் அங்கே படித்தவர்கள். பிற சமுதாயத்தார் படித்ததில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் முஹ்சினின் பணத்தில் நடந்த கல்லூரியில் முஸ்லிம் மாணவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தார்கள். நவாப் அப்துல் லத்தீஃப் போன்றோர் இதை விடாமல் அரசிடம் எடுத்துரைத்தார்கள்.

1873-ல் கல்லூரிச் செலவை அரசே ஏற்றது. முஹ்சின் நிதி முஸ்லிம்களின் கல்விக்குத் திரும்பியது. டாக்கா, சிட்டகாங், ராஜ்ஷாஹியில் மதரஸாக்கள் எழுந்தன. அரசுப் பள்ளி, கல்லூரிகளில் சேர்ந்த முஸ்லிம் மாணவர்களின் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கை அந்த நிதி செலுத்தியது. வீட்டார் புரட்ட வேண்டியிருந்தது மீதி ஒரு பங்குதான்.