இறக்கை நுனிச் சுழல்களைக் கண்ட லாஞ்செஸ்டர்

1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகவே சென்னைக்குப் பறந்தது. நீண்ட காலத்தின் பின் 2019 ஒக்டோபர் 17இல் சென்னையிலிருந்து வந்த விமானமொன்று அதே பலாலியில் இறங்கியபோது குடாநாட்டு மக்கள் அதனை அண்ணாந்து பார்த்து மகிழ்ந்தனர். அவ்விரு விமானங்களும் தத்தம் இறக்கை நுனிகளிலிருந்து கண்ணுக்குப் புலப்படாத இரு சுழல்களை வானில் விட்டுச் சென்றிருக்கும். விமானம் என்ற ஒன்று பறப்பதற்கு முன்னரே அச்சுழல்களை மனக்கண்ணால் கண்டவர் பிரெடெரிக் வில்லியம் லாஞ்செஸ்டர் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர்.

அவர் கண்டது இதுதான். பறக்கும் இறக்கையின் கீழே காற்றமுக்கம் கூடுதலாகவும் மேலே குறைவாகவும் இருக்கும். இவ்வேறுபாடே விமானத்தைத் தாங்குகின்றது. ஆனால் இறக்கை எல்லையற்று நீள்வதில்லையே! அது முடியும் இடத்தில் கீழுள்ள காற்று நுனியைச் சுற்றி மேலே பாய்கின்றது. விமானம் முன்செல்ல, அப்பாய்ச்சல் பின்னே நீண்ட சுழலாக முறுக்கேறுகின்றது. துடுப்பு வலிக்கும் நம் கடற்றொழிலாளர் ஒவ்வொரு வலிப்பின் பின்னரும் நீரில் சிறு சுழிகள் எஞ்சுவதைக் கண்டிருப்பர். ஏறத்தாழ அதுபோன்றதே இதுவும். இச்சுழல்களை உருவாக்கும் சக்தியை விமானமே கொடுக்கவேண்டியுள்ளது. எனவே பறத்தலுக்கு நாம் செலுத்தும் தவிர்க்கவியலாத வரி இது.

லாஞ்செஸ்டர் 1868 ஒக்டோபர் 23இல் லண்டனில் ஒரு கட்டடக் கலைஞரின் மகனாகப் பிறந்தார். சவுத்தாம்ப்டனில் ஹாட்லி கல்வி நிலையத்தில் பயின்றார். (பருத்தித்துறைக் கல்லூரியின் பெயருக்குரிய ஹாட்லி வேறொருவர்.) பின்னர் லண்டனில் கற்றபோதிலும் பட்டம் பெறாமலேயே வெளியேறி, பர்மிங்காமில் எரிவாயு இயந்திரத் தொழிற்சாலையொன்றில் சேர்ந்தார். 1890களின் நடுப்பகுதியில் அவர் அமைத்த மோட்டார் வாகனம் பிரித்தானியாவின் முதல் வாகனங்களுள் ஒன்று.

அவரது உள்ளமோ பறவைகளிடமே இருந்தது. அத்திலாந்திக்கைக் கடந்த பயணமொன்றில் கடற்காகங்கள் சிறகசைக்காமல் மிதந்ததை உற்றுநோக்கினார். 1894இல் பர்மிங்காமில் தம் கருத்துகளை விரிவுரையாக நிகழ்த்தினார். 1897இல் எழுதியளித்த கட்டுரையை லண்டன் பௌதிகச் சங்கம் திருப்பியனுப்பியது. அதே ஆண்டில், நுனிச் சுழலைக் குறைக்க இறக்கையின் முனைகளில் செங்குத்துத் தகடுகள் பொருத்தும் முறைக்குக் காப்புரிமை கோரினார். ரைட் சகோதரர்கள் பறந்தது அதற்கு ஆறு ஆண்டுகளின் பின்னர் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

1907இலும் 1908இலும் இரு பெருநூல்களை வெளியிட்டார். அவை எளிய நூல்கள் அல்ல. கணிதச் சமன்பாடுகளுக்குப் பதிலாகப் படங்களாலும் சொற்களாலும் விளக்கினார். சொற்களையும் தாமே படைத்தார். விமானம் மெல்ல ஏறியிறங்கும் அசைவுக்கு அவர் இட்ட பியூகாயிட் என்னும் பெயர், பறத்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லென்று அவர் கருதியதிலிருந்து பிறந்தது. உண்மையில் அச்சொல் தப்பியோடுதலைக் குறிப்பது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் இருந்ததால் வந்த மயக்கம். தமிழில் அவருக்கு இடர் நேர்ந்திராது.

1908இல் அவர் ஜேர்மனியின் கோட்டிங்கனுக்குச் சென்று லுட்விக் பிரான்ட்லைச் சந்தித்தார். ஒருவருக்கு ஜேர்மன் தெரியாது, மற்றவருக்கு ஆங்கிலம் தெரியாது. கணித அறிஞர் ருங்கே இடைநின்று மொழிபெயர்த்தார். 1918, 1919 ஆண்டுகளில் பிரான்ட்ல் வெளியிட்ட கோட்பாடு, இறக்கையின் ஏற்றவிசையையும் சுழல்களால் நேரும் இழுவையையும் எண்ணாகவே கணிக்க வழிசெய்தது. 1927இல் லண்டனில் உரையாற்றிய பிரான்ட்ல், அடிப்படைக் கருத்துகள் தமக்குச் சுயமாகவே தோன்றின என்றும், ஆயினும் லாஞ்செஸ்டர் தமக்கு முன்னரே தொடங்கி முக்கியமான பகுதியைத் தனித்துக் கண்டறிந்தார் என்றும் கூறினார். நேர்மையான கூற்றென்றே நாம் கருதுகின்றோம். சொந்த நாட்டு அறிஞர்கள் அவரது நூலை அந்த அளவு அக்கறையுடன் படித்திருந்தால், அப்பாராட்டு கோட்டிங்கனிலிருந்து வந்திருக்க வேண்டியதில்லை.

ரோயல் சொசைட்டி 1922இல் அவரை உறுப்பினராக்கியது. ஆனால் செல்வம் சேரவில்லை. பார்க்கின்சன் நோயும் பார்வைக் குறைவும் வாட்ட, வாகன உற்பத்தியாளர் சங்கத்தின் உதவியில் தங்கியிருந்து, 1946 மார்ச் 8இல் காலமானார்.

அதற்குச் சில வாரங்களின் முன்னரே, பெப்ரவரியில், எனியாக் என்னும் மின்னணுக் கணினி அமெரிக்காவில் அறிமுகமாகியிருந்தது. 1931இல் ரோசன்ஹெட் என்பவர் சுழற்படலம் சுருண்டு உருள்வதைக் கைக்கணக்காகவே படிப்படியாகக் கணித்திருந்தார். இன்று கணினி, காற்றுவெளியைக் கோடிக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பாய்ச்சலின் சமன்பாடுகளைத் தீர்க்கின்றது. இது வெறும் ஏட்டுக்கல்வியன்று. 1972இல் அமெரிக்காவில் பெரிய விமானமொன்றின் பின்னே இறங்க முயன்ற சிறிய ஜெட் விமானம் அதன் சுழலில் அகப்பட்டுக் கவிழ்ந்ததில் நால்வர் மாண்டனர். முன்செல்லும் விமானத்தின் பின்னே எத்தனை கிலோமீட்டர் இடைவெளி வேண்டும் என்பது அச்சுழல் எவ்வளவு நேரம் உயிர்வாழ்கின்றது என்பதைப் பொறுத்தது.

கணினி இடறுவதும் அங்கேதான். சுழலின் மையம் மிகச் சிறியது. கட்டங்கள் பெரிதாக இருப்பின், உண்மையில் இல்லாத பிசுக்குமை கணக்கினுள் புகுந்து, வானில் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் சுழலைத் திரையில் முன்கூட்டியே அழித்துவிடுகின்றது. ஆதலால் ஆய்வாளர்கள் மையம் செல்லும் வழிநெடுகக் கட்டங்களை நுணுக்கி, விடையைக் காற்றுச் சுரங்க அளவீடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தே ஏற்கின்றனர்.