ஏட்டில் ஒட்டிய பாடம்

நுழையும்முன்

விளையாட்டு உடலுக்கு வலிமை தருகிறது. உள்ளத்திற்கு ஒழுங்கைக் கற்பிக்கிறது. ஆனால், வெற்றி பெற்ற அணியும் நேர்மை தவறியிருக்கக் கூடும். இவ்வுண்மையை உணர்ந்து, தம் மாணவர்களைத் தவற்றிலிருந்து காக்க முயன்ற கூடைப்பந்துப் பயிற்றுநர் ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

இளமை

அமெரிக்காவில் நியூயார்க் நகருக்கு வடக்கே, ஹட்சன் ஆற்றங்கரையில் யாங்கர்ஸ் என்னும் ஊர் உள்ளது. நடு ஐரோப்பாவிலிருந்து பிழைப்புத் தேடிக் குடிபெயர்ந்த பெற்றோருக்கு, 1900ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் ஜோ லாப்சிக் அவ்வூரில் பிறந்தார். எளிய குடும்பம் ஆதலால் அவரது படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. கோல்ஃப் திடலில் செல்வர்களின் மட்டைப் பையைச் சுமந்தார். தொழிற்சாலையிலும் வேலை செய்தார்.

லாப்சிக் 6 அடி 5 அங்குல உயரத்திற்கு வளர்ந்தார். அக்காலத்தில் அத்தகைய உயரமுடையோர் மிகச் சிலரே. அன்றைய கூடைப்பந்து விதிப்படி, ஒவ்வொரு முறை பந்து கூடையில் விழுந்த பின்னும் ஆட்டம் களத்தின் நடுவிலிருந்து மீண்டும் தொடங்கும். நடுவர் பந்தை மேலே எறிவார். இரு அணிகளின் மைய ஆட்டக்காரர்களும் எம்பி அதனைத் தட்டுவர். எனவே, உயரமான மைய ஆட்டக்காரர் ஓர் அணிக்குப் பெருஞ்செல்வமாகக் கருதப்பட்டார். இவ்விதி 1937ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது.

இளைஞர் லாப்சிக் தம் உயரத்தின் மதிப்பை நன்கு அறிந்திருந்தார். ஒரே காலத்தில் பல அணிகளுக்கு ஆடினார். எந்த அணியின் உரிமையாளர் மிகுதியான கூலி தருகிறாரோ, அவருடைய அணிக்கே அன்றைய இரவு ஆடச் சென்றார். அக்காலத் தொழில்முறை ஆட்டக்காரர் பலருடைய வாழ்க்கை இவ்வாறே அமைந்திருந்தது.

ஆடுகளத்தில்

1923ஆம் ஆண்டில் லாப்சிக் ஒரிஜினல் செல்டிக்ஸ் என்னும் புகழ்பெற்ற அணியில் சேர்ந்தார். இன்று நாம் காணும் பேரரங்குகள் அன்று இல்லை. நடன மண்டபங்களிலும் படைப்பயிற்சிக் கூடங்களிலும் ஆட்டங்கள் நடைபெற்றன. பல இடங்களில் களத்தைச் சுற்றிக் கம்பிவலை கட்டப்பட்டிருந்தது. அதில் மோதிய ஆட்டக்காரர்கள் குருதி சிந்தியபடியே ஆடினர். செல்டிக்ஸ் அணியினர் ஊர் ஊராகச் சென்று, ஒரு பருவத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களை ஆடினர். 1927, 1928 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் பட்டத்தை அவர்கள் தொடர்ந்து வென்றனர். எதிர்க்க ஆளின்றிப் போனதால் அந்த அணியே கலைக்கப்பட்டது. பின்னர் கிளீவ்லாந்து அணிக்குச் சென்ற லாப்சிக், அங்கும் இரு பட்டங்கள் வெல்லத் துணைநின்றார்.

செல்டிக்ஸ் அணிக்கு இணையாக ஆடிய அணி ஒன்று உண்டு. அது, நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் பாப் டக்ளஸ் என்பவர் 1923இல் தொடங்கிய ரெனசான்ஸ் அணி. அதன் ஆட்டக்காரர் அனைவரும் கறுப்பினத்தவர். களத்தில் அவர்களைக் கண்டு கைதட்டிய ஊர்களிலேயே, உணவகங்கள் அவர்களுக்கு உணவளிக்க மறுத்தன. விடுதிகள் அறை தர மறுத்தன. பல இரவுகள் அவர்கள் தம் பேருந்திலேயே உறங்கினர். அவ்வணியின் மைய ஆட்டக்காரர் டார்சன் கூப்பர். ஆட்டம் தொடங்கும் முன் எதிரணியினர் கைகுலுக்குவது வழக்கம். லாப்சிக் கைகுலுக்குவதோடு நில்லாமல், பார்வையாளர் அனைவரும் காணக் கூப்பரைத் தழுவிக்கொண்டார். நிறவெறி நிலவிய அந்நாளில் அது சிறிய செயலன்று.

கல்லூரிக்குள்

1936ஆம் ஆண்டில் நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகம், தன் கூடைப்பந்து அணிக்குப் பயிற்றுநராக லாப்சிக்கை அமர்த்தியது. உயர்நிலைப் பள்ளியையும் காணாத ஒருவர், பட்டப்படிப்பு மாணவர்முன் ஆசானாக நிற்பது எளிதன்று. ஆனால், அவர் கற்ற ஆட்டம் எந்த நூலிலும் இல்லாதது. பந்தைக் கையில் நெடுநேரம் வைத்திராமல் தோழருக்கு வழங்குவதும், தடுப்பாட்டத்தில் ஒருவர்க்கொருவர் இடம் மாறி உதவுவதும் செல்டிக்ஸ் அணியினர் வளர்த்தெடுத்த கலைகள். அவற்றை அவர் மாணவர்களுக்கு வழங்கினார். 1943, 1944 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தேசிய அழைப்புப் போட்டியில் செயின்ட் ஜான்ஸ் அணி வாகை சூடியது. அப்போட்டியை அடுத்தடுத்த ஆண்டுகளில் வென்ற முதல் அணி அதுவே.

1947இல் அவர் நியூயார்க் நிக்ஸ் என்னும் தொழில்முறை அணியின் பயிற்றுநரானார். 1950ஆம் ஆண்டு வரை தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் அணிகளில் கறுப்பின ஆட்டக்காரர் ஒருவரும் இடம்பெறவில்லை. அவ்வாண்டு அத்தடையை உடைத்த மூன்று அணிகளுள் நிக்ஸ் அணியும் ஒன்று. அது நாட் கிளிஃப்டன் என்பவரை ஒப்பந்தம் செய்தது. அதனைப் பொறாதவர்கள் லாப்சிக்கின் உருவப் பொம்மையை அவர் வீட்டருகே மரத்தில் தொங்கவிட்டனர். ஐந்து வயது நிரம்பிய அவர் மகன் ரிச்சர்ட், சன்னல் வழியே அக்காட்சியைக் கண்டான். ஆயினும், லாப்சிக் தம் நிலையிலிருந்து சற்றும் பின்வாங்கவில்லை. கிளிஃப்டன் இடம்பெற்ற நிக்ஸ் அணி 1951, 1952, 1953 ஆகிய மூன்று ஆண்டுகளும் இறுதிச் சுற்றை எட்டியது. மூன்று முறையும் தோற்றது.

விலைபோன ஆட்டம்

1951ஆம் ஆண்டு சனவரியில் நியூயார்க் நகரை ஒரு செய்தி உலுக்கியது. மன்ஹாட்டன் கல்லூரி ஆட்டக்காரர் ஜூனியஸ் கெல்லாக்கிடம், ஆட்டத்தில் தளர்ந்து ஆடுமாறு 1,000 டாலர் கையூட்டு பேசப்பட்டது. வறிய குடும்பத்தில் பிறந்த அவர் அதனை மறுத்ததோடு, தம் பயிற்றுநரிடமும் தெரிவித்தார். காவல்துறை விசாரித்தபோது பல கல்லூரிகளின் குற்றம் வெளிப்பட்டது. ஏழு கல்லூரிகளைச் சேர்ந்த 32 ஆட்டக்காரர்கள் சூதாடிகளிடம் பணம் பெற்றிருந்தனர்.

அச்சூது நடந்த முறை வஞ்சகமானது. எந்த அணி வெல்லும் என்பதோடு, எத்தனை புள்ளிகளில் வெல்லும் என்றும் பந்தயம் கட்டப்பட்டது. ஓர் அணி பத்துப் புள்ளிகளில் வெல்லும் என்று எதிர்பார்க்கப்படுவதாகக் கொள்வோம். அவ்வணியின் ஆட்டக்காரர் சில வேண்டுமென்றே தவறு செய்தால், அணி ஆறு புள்ளிகளில் வெல்லும். அணியும் வென்றது, சூதாடியும் வென்றான், எனவே, எவருக்கும் தீங்கில்லை என்று மாணவர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொண்டனர். ஆனால், அவ்வாண்டு நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களுள் ஒருவராகப் போற்றப்பட்டவரே சிறை சென்றார். தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் கதவு அவருக்கு வாழ்நாள் முழுவதும் அடைபட்டது.

லாப்சிக் இச்செய்திகளைப் படித்துவிட்டு வீசியெறியவில்லை. நாளிதழ்களிலிருந்து அவற்றை வெட்டியெடுத்து ஓர் ஏட்டில் ஒட்டினார். கைதான மாணவர்களின் படங்களும், வழக்கின் செய்திகளும் அவ்வேட்டில் இடம்பெற்றன. தொடர்ந்த மன அழுத்தத்தால் உடல்நலம் குன்றி 1956இல் நிக்ஸ் அணியை விட்டு விலகிய அவர், மீண்டும் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்திற்குத் திரும்பினார். அங்கே தம்மிடம் பயின்ற மாணவர்களை அவ்வேட்டைப் படிக்கச் செய்தார். சிறைப்பட்டவர்களும் தங்களைப் போன்ற இளைஞர்களே என்பதை அவர்கள் அதில் கண்டனர். பத்தாண்டுகளுக்குப் பின், 1961இல் அதே குற்றம் வேறு பல கல்லூரிகளில் மீண்டும் வெளிப்பட்டது. அவர் அஞ்சியது வீணன்று என்பது புலனாயிற்று.

இளமையில் கூலிக்காக அணி மாறி ஆடியவர் பிறருக்கு அறம் கூறலாமா என்று சிலர் வினவலாம். உழைப்பிற்குக் கூலி கேட்பது வேறு. உழைப்பதுபோல் நடித்துக் கூலி பெறுவது வேறு. லாப்சிக் எந்த அணிக்கு ஆடினாரோ, அந்த அணிக்கு முழுமையாக ஆடினார். கூலியின் அருமையை அறிந்தவர் ஆதலால், பணத்தின் கவர்ச்சியையும் அவர் அறிந்திருந்தார். வெறும் அறிவுரை கூறாமல், சான்றுகளை மாணவர் கையில் கொடுத்தது அதனால்தான்.

நிறைவு

1959இல் செயின்ட் ஜான்ஸ் அணி மூன்றாம் முறையாகத் தேசிய அழைப்புப் போட்டியை வென்றது. 65 வயதில் ஓய்வு பெறவேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் அன்றைய விதியாக இருந்தது. 1965ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், மேடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில் வில்லனோவா அணியை 55–51 என்னும் புள்ளிக்கணக்கில் வீழ்த்தி, அவருடைய மாணவர்கள் நான்காம் பட்டத்தை வென்றனர். அதுவே பயிற்றுநராக அவர் கண்ட இறுதி ஆட்டம். அவரிடம் துணைப் பயிற்றுநராக இருந்த லூ கார்னசெக்கா, அவருக்குப்பின் அவ்வணியை வழிநடத்தினார்.

1966இல் கூடைப்பந்துப் புகழ் மன்றம் லாப்சிக்கை ஏற்றுச் சிறப்பித்தது. 1970ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் அவர் மறைந்தார். மரத்தில் தொங்கிய உருவப் பொம்மையைக் கண்ட சிறுவன் ரிச்சர்ட் வளர்ந்து, விளையாட்டில் இனச் சமத்துவத்திற்காகப் போராடுவதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டார். வென்ற கோப்பைகள் அரங்கில் காட்சிக்கு வைக்கப்படும். தவறியவர்களின் கதையையும் மறைக்காமல் காட்டிய ஆசானின் ஏடோ, மாணவர் நெஞ்சில் காவலாய் நிற்கும்.

சொற்பொருள்

வாகை சூடுதல் – வெற்றி பெறுதல்
கையூட்டு – இலஞ்சம்
பொறாதவர் – பொறுத்துக்கொள்ள இயலாதவர்
புலனாயிற்று – விளங்கிற்று

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பழைய விதிப்படி உயரமான மைய ஆட்டக்காரர் பெரிதும் மதிக்கப்பட்டது ஏன்?
2. ரெனசான்ஸ் அணியினர் பேருந்தில் உறங்க நேர்ந்தது ஏன்?
3. ஜூனியஸ் கெல்லாக் செய்த நற்செயல் யாது?

ஆ. பிரித்து எழுதுக.
1. ஆற்றங்கரை  2. பெருஞ்செல்வம்  3. அவ்வேடு

இ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. அணி வென்றபோதும் ஆட்டக்காரர் குற்றவாளி ஆவது எவ்வாறு? பாடத்தின்வழி விளக்குக.
2. அறிவுரை கூறுவதற்கும் சான்று காட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை உம் பள்ளி வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் எழுதுக.