டீம் மாற மறுத்த கர்ட் ஃபிளட்: ஒரு பேஸ்பால் வீரர் தன் கேரியரையே பணயம் வைத்தது ஏன்?

நீங்கள் ஒரு கம்பெனியில் 12 வருஷமாக வேலை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் துறையில் நீங்கள்தான் நம்பர் ஒன். ஒருநாள் காலையில் போன் வருகிறது. உங்களை வேறு ஊரில் இருக்கும் வேறொரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டோம், இனி அங்கேதான் வேலை என்கிறார்கள். பிடிக்கவில்லையா? அந்தத் தொழிலையே விட்டுப் போகலாம். மூன்றாவதாக ஒரு கம்பெனிக்குப் போக உங்களுக்கு அனுமதி கிடையாது.

1969 அக்டோபரில் அமெரிக்க பேஸ்பால் வீரர் கர்ட் ஃபிளட்டுக்கு இதுதான் நடந்தது. அவருக்கு முன்னால் எத்தனையோ வீரர்களுக்கும் இதுதான் நடந்தது. அவர்கள் எல்லாம் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஃபிளட் கிளம்பவில்லை, கோர்ட்டுக்குப் போனார்.

யார் இந்த கர்ட் ஃபிளட்?

1938 ஜனவரி 18-ல் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் பிறந்தவர். வளர்ந்தது கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில், வசதி இல்லாத ஒரு கறுப்பினக் குடும்பத்தில். 1956-ல் சின்சினாட்டி ரெட்ஸ் அணி அவரை எடுத்தது. வருஷச் சம்பளம் 4,000 டாலர். பயிற்சி அனுபவத்துக்காக முதல் இரண்டு வருஷம் தென் மாநிலங்களில் இருந்த சின்ன லீக் அணிகளுக்கு அனுப்பினார்கள்.

அந்த இரண்டு வருஷமும் நரகம். இனப் பிரிவினை நடைமுறையில் இருந்த காலம் அது. டீம் பஸ் ஹோட்டல் வாசலில் நிற்கும், வெள்ளை வீரர்கள் உள்ளே போய்ச் சாப்பிடுவார்கள். ஃபிளட்டுக்குப் பின்கதவு வழியாகத்தான் சாப்பாடு. ஒருமுறை, ஒரே நாளில் இரண்டு மேட்ச். நடுவில் எல்லோரும் யூனிஃபார்மைத் துவைக்கப் போட்டார்கள். அவருடைய உடுப்பை மட்டும் ஊழியர் ஒரு குச்சியால் ஒதுக்கி எடுத்து, கறுப்பினத்தவருக்கான சலவைக்கடைக்குத் தனியாக அனுப்பினார். அது திரும்பி வரும்வரை அந்தப் பையன் உடுப்பில்லாமல் காத்திருந்தான்.

1957 டிசம்பரில் ரெட்ஸ் அவரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு மாற்றியது. அப்போது அவருக்கு 19 வயது. யாரும் அவரைக் கேட்கவில்லை, அவரும் எதிர்த்துப் பேசவில்லை.

மைதானத்தில் எப்படி?

கிரிக்கெட் பார்க்கும் உங்களுக்கு இதைச் சுலபமாகப் புரியவைக்கலாம். பேஸ்பாலில் எல்லைப் பக்கம் நிற்கும் மூன்று ஃபீல்டர்களை அவுட்ஃபீல்டர்கள் என்பார்கள். நடுவில் நிற்பவர் சென்டர் ஃபீல்டர். மூவரில் அதிக தூரம் ஓடிக் கேட்ச் பிடிக்க வேண்டியவர் அவர்தான். ஃபிளட் அந்த இடத்தில் 12 சீசன் நின்றார்.

1963 முதல் 1969 வரை தொடர்ந்து ஏழு வருஷம், சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு கிளவ் விருது அவருக்குத்தான். 1966 சீசன் முழுக்க ஒரு பிழைகூடச் செய்யவில்லை. 1964-லும் 1967-லும் கார்டினல்ஸ் உலகத் தொடர் கோப்பையை வென்றபோது அணியின் தூண்களில் ஒருவர். 1968 உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் மட்டும் ஒரு பந்தைத் தவறாகக் கணித்தார். அது தலைக்கு மேல் போனது, கோப்பையும் போச்சு.

மைதானத்துக்கு வெளியிலும் அவர் சும்மா இருந்தவர் இல்லை. 1962-ல் ஜாக்கி ராபின்சனோடு மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சனுக்குப் போய் சிவில் உரிமைக் கூட்டத்தில் கலந்துகொண்டார். 1964-ல் கலிஃபோர்னியாவில் வாடகைக்கு வீடு பிடித்தார். கறுப்பினக் குடும்பம் என்று தெரிந்ததும் குடிவர விடமாட்டேன் என்று துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார்கள். ஃபிளட் கோர்ட் உத்தரவு வாங்கிக்கொண்டு வந்து குடியேறினார். சட்டத்தின் கதவைத் தட்டினால் திறக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது.

ரிசர்வ் கிளாஸ் என்றால் என்ன?

பேஸ்பால் ஒப்பந்தங்களில் இருந்த ஒரு பிரிவு இது. பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஒப்பந்தம் முடிந்தால், அதை இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்க அணிக்கு உரிமை உண்டு. அவ்வளவுதான். ஆனா முதலாளிகள் அதை எப்படிப் படித்தார்கள்? நீட்டித்த ஒப்பந்தத்திலும் அதே பிரிவு இருக்கிறது. அதனால் மறுபடியும் நீட்டிக்கலாம், அடுத்த வருஷமும் நீட்டிக்கலாம். அதாவது, வீரர் ஒருமுறை கையெழுத்துப் போட்டால் ஓய்வு பெறும்வரை அந்த அணியின் சொத்து. விற்கலாம், மாற்றலாம், வெளியே அனுப்பலாம். வீரருக்கு மட்டும் விலகிப் போகும் வழி இல்லை.

இந்தியாவில் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்கள் பொதுவாகச் செல்லாது என்கிறது. அமெரிக்காவிலும் ஏகபோகத் தடுப்புச் சட்டங்கள் இருந்தன. பிறகு எப்படி இது நடந்தது? 1922-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேஸ்பால் ஆட்டங்கள் மாநிலங்களுக்கு இடையிலான வர்த்தகம் அல்ல, எனவே அந்தச் சட்டங்கள் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. 1953-ல் அதையே உறுதி செய்தது. வேடிக்கை என்னவென்றால், பாக்சிங்குக்கும் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் இந்த விலக்கு கிடையாது என்று 1950-களில் அதே கோர்ட் தீர்ப்பு சொன்னது.

ஏன் மறுத்தார்?

1969-ல் ஃபிளட்டின் சம்பளம் 90,000 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் சுமார் 6.75 லட்சம் ரூபாய். அக்டோபரில் கார்டினல்ஸ் அவரையும் இன்னும் மூன்று பேரையும் ஃபிலடெல்ஃபியா ஃபில்லிஸ் அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு டிக் ஆலன் உள்ளிட்டவர்களை வாங்கியது. ஃபில்லிஸ் இதைவிட அதிகச் சம்பளம் தரத் தயாராக இருந்தது.

பணம் பிரச்சினையே இல்லை. 12 வருஷம் உழைத்த இடத்திலிருந்து, தன்னைக் கேட்காமலே ஒரு பொருளைப்போல் தூக்கிக் கொடுத்ததுதான் பிரச்சினை. வீரர்கள் சங்கத் தலைவர் மார்வின் மில்லரிடம் போனார். மில்லர் உருக்கு ஆலைத் தொழிற்சங்கத்தில் இருந்து வந்தவர். வழக்கில் ஜெயிக்கும் வாய்ப்பு ரொம்பக் குறைவு, ஜெயித்தாலும் உங்களுக்குப் பலன் கிடைக்காது, பிறகு பேஸ்பாலில் யாரும் வேலை தரமாட்டார்கள் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். மற்ற வீரர்களுக்கு உதவுமா என்பதுதான் ஃபிளட்டின் கேள்வி. உதவும் என்று மில்லர் சொன்னதும் முடிவு எடுத்துவிட்டார்.

1969 டிசம்பர் 24 தேதியிட்டு, லீக் ஆணையர் போவி குன்னுக்குக் கடிதம் எழுதினார். தான் விற்று வாங்கும் சொத்து அல்ல, மற்ற அணிகளின் வாய்ப்புகளையும் பரிசீலிக்கத் தனக்கு உரிமை உண்டு என்பது அதன் சாரம். குன் மறுத்தார். 1970 ஜனவரியில் வழக்குத் தாக்கலானது.

கோர்ட்டில் என்ன நடந்தது?

ஃபிளட்டுக்காக வாதாடியவர் முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆர்தர் கோல்ட்பர்க். ஓய்வுபெற்ற வீரர்கள் ஜாக்கி ராபின்சனும் ஹேங்க் கிரீன்பெர்க்கும் வந்து சாட்சி சொன்னார்கள். வழக்குச் செலவுக்கு வீரர்கள் சங்கம் ஆதரவு கொடுத்தது. ஆனா அப்போது ஆடிக்கொண்டிருந்த வீரர்களில் ஒருவர்கூட அவருக்காகக் கோர்ட்டில் வந்து உட்காரவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்.

கீழ் நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் தோல்வி. 1972 ஜூன் 19-ல் உச்ச நீதிமன்றமும் 5-3 என்ற கணக்கில் எதிராகத் தீர்ப்பளித்தது. பேஸ்பாலுக்கு மட்டும் விலக்கு இருப்பது முரண்தான் என்று தீர்ப்பே ஒப்புக்கொண்டது. ஆனால் இத்தனை வருஷமாக இருப்பதை மாற்ற வேண்டியது நாடாளுமன்றம்தான் என்று கைகழுவிவிட்டது.

அவர் என்ன இழந்தார்?

1970 சீசன் முழுக்க ஃபிளட் ஆடவில்லை. வெறுப்புக் கடிதங்கள் குவிந்தன. இவ்வளவு சம்பளம் வாங்குபவருக்கு என்ன குறை என்றுதான் பலர் கேட்டார்கள். கடன் நெருக்கியது. 1971-ல் வாஷிங்டன் செனட்டர்ஸ் அணியில் 1,10,000 டாலருக்குச் சேர்ந்தார். ஒன்றரை வருஷ இடைவெளியில் உடலும் மனசும் தளர்ந்திருந்தன. 13 மேட்ச்தான் ஆடினார். ஏப்ரல் கடைசியில் நாட்டை விட்டே கிளம்பி, ஸ்பெயினின் மயோர்கா தீவில் ஒரு பார் நடத்தினார். குடிப்பழக்கம் அவரை உலுக்கியது. அதிலிருந்து மீண்டு வரப் பல வருஷம் ஆனது.

அப்படியென்றால் ஜெயித்தது யார்?

கோர்ட்டில் முதலாளிகள் ஜெயித்தார்கள். ஆனா ரிசர்வ் கிளாஸின் அநியாயம் ஊருக்கே தெரிந்துவிட்டது. 1973-ல் புது விதி வந்தது: மொத்தம் 10 வருஷம் ஆடி, கடைசி 5 வருஷம் ஒரே அணியில் இருந்தவரை அவர் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது. 1969-ல் இந்த விதி இருந்திருந்தால் ஃபிளட் செயின்ட் லூயிஸிலேயே இருந்திருப்பார்.

1975-ல் ஆன்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்ற இரண்டு பந்துவீச்சாளர்கள், புது ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல் ஒரு சீசனைக் கழித்துவிட்டு, இனி நாங்கள் சுதந்திரம் என்றார்கள். அந்த டிசம்பரில் நடுவர் பீட்டர் சைட்ஸ், நீட்டிப்பு என்பது ஒரே ஒரு வருஷத்துக்குத்தான் என்று முடிவு சொன்னார். பல தலைமுறைகளைக் கட்டிப்போட்ட பிடி அன்றோடு உடைந்தது. அடுத்த சில வருஷங்களில் வீரர்களின் சராசரிச் சம்பளம் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. அதில் ஒரு டாலர்கூட ஃபிளட்டுக்கு வரவில்லை.

1997 ஜனவரி 20-ல், 59-ஆவது பிறந்தநாள் முடிந்து இரண்டே நாளில், தொண்டைப் புற்றுநோயோடு போராடி லாஸ் ஏஞ்சலிஸில் இறந்தார். அடுத்த வருஷம் அமெரிக்க நாடாளுமன்றம் கர்ட் ஃபிளட் சட்டத்தை நிறைவேற்றியது. வேலை தொடர்பான விஷயங்களில் ஏகபோகத் தடுப்புச் சட்டம் முன்னணி லீக் பேஸ்பால் வீரர்களுக்கும் பொருந்தும் என்றானது. அவர் 1970-ல் கேட்டதும் அதைத்தான்.

பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேமில் மார்வின் மில்லருக்கு இடம் கிடைத்துவிட்டது. ஃபிளட்டைக் கொடுத்து வாங்கிய டிக் ஆலனுக்கும் 2025-ல் கிடைத்தது. இருவருக்குமே இறந்த பிறகுதான். ஃபிளட்டின் பெயர் இன்னும் அங்கே இல்லை.