திவானை இழந்த மகாராஜா

சிட்டி மார்க்கெட் என்று நாம் சொல்லும் சந்தையின் முழுப்பெயர் கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட். கண்ணம்பாடி அணைக்கும் அதே மன்னரின் பெயர்தான். மைசூர் மகாராஜா நாலாம் கிருஷ்ணராஜ உடையாரை அணை கட்டியவராக நம்மவர் அறிவர். சர்க்கார் உத்தியோகத்தில் பிற்பட்டோருக்குப் பங்கு ஒதுக்கி உத்தரவிட்டவரும் அவரே என்பது பலருக்குத் தெரியாது.

1884 ஜூன் 4-ல் பிறந்த அவருக்குப் பத்து வயதில் தந்தை கல்கத்தாவில் காலமானார். தாயார் மகாராணி ரீஜண்டாக இருந்து ஆண்டார். 1902-ல், பதினெட்டு வயதில், மகாராஜா முழு அதிகாரம் பெற்றார்.

அன்று சமஸ்தானத்தில் ஒரு பழைய சண்டை இருந்தது. திவான் சேஷாத்ரி ஐயர் போன்று சென்னை ராஜதானியிலிருந்து வந்தவர்களே பெரிய பதவிகளில் இருந்தனர். மைசூர் மைசூராருக்கே என்று குரல் எழுப்பியவர்கள் உள்ளூர்ப் பிராமணர்கள். படிப்பும் அனுபவமும் வெளியாருக்கு அதிகம் என்ற வாதம் அப்போது அவர்களுக்குக் கசந்தது. பின்னாளில் அதே வாதத்தை அவர்களில் பலரே கையில் எடுத்தது வேடிக்கைதான்.

1912-ல் உள்ளூர்க்காரரான விசுவேசுவரய்யா திவானானார். அணை, பாங்கு, பல்கலைக்கழகம் என்று அவர் செய்தவற்றை இங்கே விரிக்க வேண்டியதில்லை. ஆனால் உத்தியோகங்கள் யாருக்குப் போயின? ஜனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேர் அளவே இருந்த பிராமணர்களே கெஜட்டட் பதவிகளில் பெரும்பான்மையினர். 1917-ல் பிரஜாமித்ர மண்டலி தோன்றியது. மறு வருடம் அதன் தலைவர்கள் மகாராஜாவிடம் முறையிட்டனர். அவர் சீப் கோர்ட் தலைமை நீதிபதி சர் லெஸ்லி மில்லர் தலைமையில் கமிட்டி அமைத்தார். மில்லர் முன்பு சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதியாக இருந்தவர்.

திவானுக்கு இது சம்மதமில்லை. முதலில் கல்வியைப் பரப்புவோம், தகுதி பார்த்து வேலை கொடுப்போம், இல்லாவிட்டால் நிர்வாகம் கெடும் என்பது அவர் கட்சி. அவரைச் சாதி வெறியர் என்று சொல்வது அநியாயம். தந்தையைச் சிறு வயதில் இழந்து, டியூஷன் சொல்லிக் கொடுத்துப் படித்து முன்னேறியவர். ஆனால் பூனாவில் அவர் என்ஜினீயரிங் படித்தது சமஸ்தானத்தின் உபகாரச் சம்பளத்தில் என்பதையும் நினைக்க வேண்டும். மகாராஜாவோ, பதவிக்கு வழி தெரிந்தால்தான் குடியானவன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவான் என்ற பக்கம் சாய்ந்தார். 1918 இறுதியில் திவான் விலகினார். இந்த வேற்றுமையே முக்கிய காரணம் என்பர்.

ஏழு வருடங்களுக்குள் மேல் பதவிகளில் பாதியும் கீழ்ப் பதவிகளில் மூன்றில் இரண்டு பங்கும் பிராமணர் அல்லாதாருக்கு என்றது மில்லர் கமிட்டி. கமிட்டியிலிருந்த பிராமண அங்கத்தினர்கள் உடன்படவில்லை. 1921-ல் அரசாங்க உத்தரவு வந்தது. சென்னையில் நீதிக்கட்சி மந்திரிசபை வகுப்புவாரி உத்தரவு போட்டதும் அதே வருடம்தான்.

இதில் ஒரு குறை இருந்தது. நிலச்சுவான்தாரும் தோட்டியும் ஒரே பட்டியலில் பிற்பட்டோர். அரச குடும்பத்தின் அரசு வகுப்பும் அதில்தான். தாழ்த்தப்பட்டோரில் தகுதியானவர் கிடைத்தால் முன்னுரிமை என்று எழுதியிருந்தும், பலன் பெரிதும் லிங்காயத்துகள், ஒக்கலிகர் போன்ற பெரிய சமூகங்களுக்கே போயிற்று. ஆயினும் தாலுகா கச்சேரியில் ஒக்கலிகன் குமாஸ்தாவாக உட்கார்ந்ததே அன்று பெரிய காரியம் என்பது என் எண்ணம்.

திவானும் மகாராஜாவும் பகைத்துக் கொள்ளவில்லை. 1923-ல் பத்ராவதி இரும்பாலை தத்தளித்தபோது மன்னர் அவரையே அழைத்தார், அவரும் வந்தார். 1940 ஆகஸ்ட் 3-ல் பெங்களூர் அரண்மனையில் மகாராஜா காலமானார். விசுவேசுவரய்யா நூறு வயதைத் தாண்டி 1962 ஏப்ரலில் மறைந்தார். அதே செப்டம்பரில் மைசூர் அரசின் 68 சதவீத ஒதுக்கீட்டை சுப்ரீம் கோர்ட் ரத்து செய்து, பொதுவாகப் பாதிக்கு உட்பட்டே இருக்க வேண்டும் என்றது.

மைசூரார் யார் என்ற பழைய கேள்வி மட்டும் நம் வாசலில் நிற்கிறது. வேறு மாநிலத்திலிருந்து குடியேறிய தாழ்த்தப்பட்டவருக்குப் புதிய மாநிலத்தில் ஒதுக்கீடு இல்லை என்று 1990-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. கர்நாடகப் பட்டியலில் ஆதிதிராவிடர் உண்டு. ஆனால் குடும்பம் 1950-லேயே இங்கு இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். தங்கவயலுக்குப் பாட்டன் காலத்தில் வந்த வீடுகளில் அதற்காகப் பழைய காகிதங்களைத் தேடுகிறார்கள்.